அப்பாவைவிட இளைய நிலம்

ரியூனியன் தீவின் தென்கிழக்குக் கரையோரச் சாலையில், சாந்த் ரோஸ் ஊருக்கும் சேன் ஃபிலிப் ஊருக்கும் நடுவே, சிறு பலகைகள் சில நிற்கின்றன. 2002, 2004, 2005, 2007 என்று அவற்றில் ஆண்டுகள் எழுதியிருக்கும். எரிமலைக் குழம்பு மலையிலிருந்து இறங்கிவந்து சாலையை மூடி, கடலில் விழுந்த ஆண்டுகள் அவை. காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கும் குடும்பங்களில், எந்தப் பாறைக்கு யார் வயது என்று பிள்ளைகள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா பிறந்தது 2007 என்றால் அந்தக் கறுப்பு மேடு அவள் வயதுக்காரி. நாற்பதைத் தொடும் அப்பா காலூன்றி நிற்கும் தரையோ, அவர் வயதில் ஏறக்குறைய பாதி.

எரிமலைத் தீவுக்கு விடுமுறையில் போகிறவர்கள் பலருக்கு நெருப்பைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் முதல் ஆசை. நெருப்பு வாய்ப்பது அதிர்ஷ்டம். ஆனால் ரியூனியனில் பிள்ளைகள் கடலில் இறங்குவதும், அருவியில் நனைவதும், மதியம் சோற்றுக்குப் பருப்பு ஊற்றிக்கொள்வதும்கூட அந்த மலை அமைத்துக் கொடுத்தபடிதான் நடக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போகும் குடும்பத்துக்கு, மலை தூங்கிக்கொண்டிருந்தாலும் பயணத்தில் ஒரு குறையும் வராது.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது ரியூனியன். பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். செலாவணி யூரோ, ஆட்சிமொழி பிரெஞ்சு, வீட்டிலும் தெருவிலும் பேசுவது கிரியோல். தீவு முழுவதையும் இரண்டு எரிமலைகள்தான் கட்டியெழுப்பின. நடுவில் நிற்கும் பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர் உயரம். அணைந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் த லா ஃபுர்னேஸ் 2,632 மீட்டர். உலகத்திலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. கடல் மட்டத்துக்குக் கீழே இன்னும் சுமார் 4,000 மீட்டர் இறங்குகிறது இந்த மலை. கண்ணில் படுவது அதன் தலைப்பகுதி மட்டுமே.

இந்தியாவிலிருந்து போகும் குடும்பம் இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் ஒரே இடத்தில் விடாமல் மேலேறி வருவதால் உண்டானது ரியூனியன். அதே வெப்பம்தான் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, இந்திய நிலத்தட்டு அதற்கு மேலே இருந்தபோது, மகாராஷ்டிரத்திலும் அதைச் சுற்றியும் குழம்பை அடுக்கடுக்காகக் கொட்டித் தக்காணப் பீடபூமியின் கரும்பாறைகளை உண்டாக்கியது. பிறகு இந்தியா வடக்கே நகர்ந்து போய்விட்டது. வெப்பம் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டது. இந்தியா கடந்துபோன தடத்தில்தான் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் தீவுகளின் அடித்தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மொரீஷியஸ் பின்னால் வந்தது, கடைசியாக ரியூனியன். அஜந்தா குகைகளைப் பார்த்து வந்த பிள்ளை, அந்தச் சிற்பிகள் குடைந்த பாறை எந்த உலையிலிருந்து வந்ததோ அந்த உலைக்கு மேலேயே இப்போது நிற்கிறது.

மலைமேல் போவதற்கு விடியலுக்கு முன்பே கிளம்ப வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். பசும்புல் மேயும் மாடுகளும் வேலிகளுமாக இருக்கும் புர்-முரா என்ற ஊரைத் தாண்டி, காட்டுப் பாதையில் வளைந்து வளைந்து ஏறினால், ஒரு திருப்பத்தில் பச்சை சட்டென்று நின்றுபோகிறது. கீழே பரந்து கிடப்பது மணற்சமவெளி: செம்மண்ணும் கருஞ்சாம்பலும் கலந்த, மரமில்லாத வெட்டவெளி. அதைக் கடந்தால் பெல்கோம் கணவாய். உயரம் சுமார் 2,300 மீட்டர், ஏறக்குறைய ஊட்டியின் உயரம்; ஜூலை, ஆகஸ்டில் குளிரும் ஊட்டியைப் போலவே கடிக்கும். வெப்பமண்டலத் தீவுதானே என்று அரைக்கால் சட்டையோடு வரும் பிள்ளைகள் நடுங்கிப்போகிறார்கள்.

கணவாயின் விளிம்பில் நின்று பார்த்தால்தான் இந்த மலையின் அமைப்பு விளங்கும். மலை உச்சியைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் செங்குத்தான பாறைச்சுவர் நிற்கிறது; கிழக்கே, கடலை நோக்கி மட்டும் அது திறந்திருக்கிறது. பழங்காலத்தில் மலையின் ஒரு பகுதி உள்வாங்கியதால் உண்டானது இந்த அடைப்பு. பெரும்பாலான வெடிப்புகள் இதற்குள்ளேதான் நடக்கின்றன. குழம்பு பொங்கினாலும் ஊர்ப்பக்கம் போகாமல், ஆளில்லாத சரிவில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை, சில ஆண்டுகளில் நான்கைந்து முறைகூட வெடிக்கும் மலையின் அடியில் லட்சக்கணக்கான மக்கள் நிம்மதியாகத் தூங்க முடிவது இந்தச் சுவரால்தான்.

வெடிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மலையே சிதறிச் சாம்பல் வானை மூடும் காட்சி மனதில் வருவது இயல்பு. இங்கே பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இந்தக் குழம்பில் சிலிக்கா குறைவு. அதனால் அது நீர்த்து ஓடும், உள்ளிருக்கும் வாயுவும் சுலபமாக வெளியேறிவிடும். வாயு அடைபட்டு அழுத்தம் கூடும் மலைகள்தான் சிதறுகின்றன. ஃபுர்னேஸில் நிலம் நீளவாக்கில் பிளந்து, வரிசையாக நெருப்பூற்றுகள் எழும்பி, 1,100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஆறு சரிவில் இறங்கும். பார்ப்பவர்களுக்குப் பயத்தைவிட வியப்பே மிஞ்சும். அதற்காக, பயப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது. 2007 ஏப்ரலில், உச்சிப் பள்ளத்தின் அடித்தளம் சில நாட்களுக்குள் 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. அதுவரை அந்த உச்சிக்குப் பல்லாண்டுகளாக மக்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

கணவாயிலிருந்து 500க்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் அடைப்பின் தரை. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஃபோர்மிக்கா லியோ என்ற குட்டிக் கூம்பு போதும். செம்பழுப்பு நிறத்தில் இரட்டைக் குழியோடு உட்கார்ந்திருக்கும் அது 1753-ல் பொங்கிய வெடிப்பில் பிறந்தது. பெயர் குழியானைப் பூச்சியினுடையது. அதற்கும் அப்பால் உச்சிவரை போய்வர ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். பாதை என்று தனியாக ஒன்றும் கிடையாது. பாறைமேல் அடித்த வெள்ளைச் சாய அடையாளங்களைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். மேகம் இறங்கினால் அடுத்த அடையாளம் தெரியாது. நன்றாக நடக்கக்கூடிய, பேச்சைக் கேட்கக்கூடிய வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அது. குழம்பு மடிப்பு மடிப்பாகச் சுருண்டு உறைந்த இடங்களும், கண்ணாடித் துகள்போல் விரலைக் கீறும் இடங்களும் வழியில் உண்டு. பாறைக்குள் மின்னும் பச்சைப் புள்ளிகள் ஆலிவின் படிகங்கள். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் பிள்ளைகளுக்குக் கை துடிக்கும். ஆனால் அது தேசியப் பூங்கா, கல் அங்கேயே கிடக்க வேண்டும். 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது, தீவின் ஏறக்குறைய நாற்பது சதவீதம் அதற்குள் அடங்கியது.

மழையோ மேகமோ நடையைக் கெடுத்தால் புர்-முராவில் எரிமலைக்கென்றே கட்டிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதே ஊரில் எரிமலை ஆய்வு நிலையமும் உண்டு. அது உருவானதற்குக் காரணம் 1977-ல் நடந்தது.

அந்த ஏப்ரலில் குழம்பு அடைப்புச் சுவருக்கு வெளியே பீறிட்டு, பித்தோன் சாந்த் ரோஸ் கிராமத்துக்குள் இறங்கியது. மக்களை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை, வீடுகள் எரிந்தன. கிராமத்து மாதா கோயிலின் வாசல்வரை வந்த குழம்பு, வாசலில் கொஞ்சம் நுழைந்து, கட்டடத்தை இரு பக்கமும் சுற்றிக்கொண்டு போய் உறைந்தது. கோயில் தப்பியது. கதவோரத்தில் உறைந்த கரும்பாறையை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். கோயிலுக்கும் 'குழம்பின் அன்னை' என்ற பொருளில் புதுப்பெயர் வந்துவிட்டது. நம்பிக்கை உள்ளவர்கள் அதை அற்புதம் என்கிறார்கள். அரசு அந்த அனுபவத்தை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு 1979-ல் ஆய்வு நிலையத்தை அமைத்தது. மலைக்குள் குழம்பு மேலேறும்போது உண்டாகும் சிறு நடுக்கங்களையும், நிலம் மில்லிமீட்டர் கணக்கில் வீங்குவதையும் கருவிகள் இரவு பகலாக அளக்கின்றன. அறிகுறி தெரிந்தவுடன் அடைப்புக்குள் நடப்பதற்குத் தடை வரும். உள்ளே இருப்பவர்களை வெளியே கொண்டுவருவார்கள். அந்தத் தடையைக் குடும்பங்கள் மறுபேச்சில்லாமல் மதிக்க வேண்டும். வெடிப்பு அமைதியாக ஓடத் தொடங்கியதும், பாதுகாப்பான பார்வை இடங்களை அதிகாரிகளே அறிவிப்பார்கள். தீவுக்காரர்களும் அப்போதுதான் பாட்டி முதல் கைக்குழந்தைவரை கம்பளியும் டார்ச்சுமாக நள்ளிரவில் புறப்படுவார்கள்.

மறுபடி அந்தப் பலகைச் சாலைக்கு வந்தால், உயிர் திரும்பும் வரிசையைக் கண்ணால் படிக்கலாம். புதிய பாறைமேல் முதலில் படர்வது சாம்பல் நிற லைக்கன். நம் வீட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். அது பாறையை மெல்ல அரிக்க, விரிசலில் பெரணி முளைக்கும். பிறகு புதர், பிறகு மரம். பழைய ஓட்டங்களின்மேல் காடே நிற்கிறது. மழை கொட்டும் பக்கம் என்பதால் இங்கே எல்லாம் வேகமாக நடக்கிறது.

அந்த மழையும் மலையின் வேலையே. தென்கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று மூவாயிரம் மீட்டர் சுவரில் மோதி மேலேறுகிறது. குளிர்ந்து, கிழக்குச் சரிவில் கொட்டித் தீர்க்கிறது. கிழக்கு மேட்டில் ஆண்டுக்குப் பத்து மீட்டர் மழை பெறும் இடங்கள் உண்டு. மேற்குக் கரையிலோ புல் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது, கொமெர்சோன் பள்ளத்தில் மூன்றே நாட்களில் பெய்தது 3,929 மில்லிமீட்டர், உலக சாதனை. சென்னைக்கு அதே அளவு மழை கிடைக்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும்.

அணைந்த மலையை இந்த மழைதான் குடைந்தது. பித்தோன் தெ நேஜைச் சுற்றி மூன்று மாபெரும் கிண்ணப் பள்ளத்தாக்குகள்: சலாசி, சிலாவோஸ், மஃபாத். சலாசியில் அருவிகள் சாலையோரமே கொட்டுகின்றன. எல்-பூர் கிராமத்தின் மரவேலைப்பாடு கொண்ட பழைய வீடுகளுக்கு இடையே பாட்டிகளும் கால் நோகாமல் உலவலாம். சிலாவோஸுக்குப் போகும் சாலையில் நானூறு வளைவுகள். வாந்தி வரும் பிள்ளைகளை முன்பக்கம் உட்காரவைத்து மெதுவாக ஏற வேண்டும். மேலே வெந்நீர் ஊற்றுகளும் எரிமலை மண்ணில் விளையும் பெயர்பெற்ற சின்ன மசூர்ப் பருப்பும் காத்திருக்கின்றன. மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. சில நூறு பேர் வாழும் அந்தப் பள்ளத்தாக்குக்கு அரிசியும் எரிவாயுவும் ஹெலிகாப்டரில் வருகின்றன. மனிதர்கள் நடந்துதான் போக வேண்டும். பண்ணை முதலாளிகளிடமிருந்து தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. மாய்தோ முனையில் நின்று அந்த ஆழத்தைப் பார்க்கும் பெற்றோர், இங்கே இறங்கி வாழத் துணிந்தவர்கள் எதிலிருந்து ஓடிவந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அந்தக் காட்சியைப் பார்ப்பது பாதிதான்.

அந்த வரலாற்றில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனும் இருக்கிறான். மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த வனிலாக் கொடி இங்கே பூத்தது, காய்க்கவில்லை. அங்கே மகரந்தம் சேர்க்கும் தேனீ இங்கே இல்லை. அறிஞர்கள் திணறியதை 1841-ல் சாந்த் சூசானில் அடிமையாக இருந்த எத்மோன் அல்பியூஸ் செய்துகாட்டினான். ஒரு குச்சியால் பூவின் உள்சவ்வை ஒதுக்கி, கட்டைவிரலால் அழுத்தினான். அவ்வளவுதான். இன்றும் உலகெங்கும் வனிலாத் தோட்டங்களில் அதே முறைதான். அவன் கைவித்தையால் தீவுக்குச் செல்வம் வந்தது. அவன் மட்டும் 1880-ல் ஏழையாக இறந்தான். கிழக்குக் கரையின் வனிலாத் தோட்டங்களில் அந்தச் செய்முறையைப் பார்வையாளர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள். தங்கள் வயதுப் பையன் கண்டுபிடித்தது என்று தெரிந்தவுடன் பிள்ளைகள் கூர்ந்து பார்ப்பார்கள்.

1848 டிசம்பர் 20 அன்று அடிமைமுறை முடிந்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கை தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் பல்லாயிரம் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். வந்து இறங்கியதும் அவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த கட்டடங்கள் வடக்குக் கரையில் கிராந்த் சலூப் என்ற இடத்தில் புதுப்பிக்கப்பட்டு நிற்கின்றன. தமிழ்க் குடும்பம் எதுவும் அங்கே நிற்காமல் போகக் கூடாது. மல்பார் என்று அழைக்கப்படும் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தீவின் மக்களில் நான்கில் ஒரு பங்கு என்பது பொதுவான மதிப்பீடு. பிரான்ஸ் இனவாரியாகக் கணக்கெடுப்பதில்லை. ராமசாமி, வீராப்பிள்ளை என்ற குடும்பப் பெயர்கள் கடைப் பலகைகளிலும் தேர்தல் சுவரொட்டிகளிலும் இருக்கும். பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் சேந்த் ஆந்த்ரேயில் தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள், பாஞ்சாலிக்குத் தீமிதிக்கிறார்கள், தீபாவளிக்கு ஊரே திரள்கிறது. மொழி போன பிறகும் ஐந்து, ஆறு தலைமுறையாகச் சடங்கைக் கைவிடாமல் காத்தவர்கள் முன்னால் கொஞ்சம் பணிவோடு நிற்கத் தோன்றும்.

கடற்கரைக்கு வருவோம். மொரீஷியஸ் வயதான தீவு. பவளப்பாறை அதைச் சுற்றி வளையமிட நேரம் இருந்தது. ரியூனியன் இளையது. இருநூறு கிலோமீட்டர் கரையில் மேற்கே சுமார் 25 கிலோமீட்டருக்கு மட்டும் பவளத் திட்டு உண்டு. லெர்மிதாஜ், லா சலீன் கரைகளில் அந்தத் திட்டுக்கு உட்புறம் நீர் இடுப்பளவுதான். சவுக்கு நிழலில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் முகமூடியோடு குப்புற மிதந்து வண்ணமீன்களைப் பார்க்கலாம். பவளத்தின்மேல் கால் வைக்கக் கூடாது. திட்டுக்கு வெளியே போகவே கூடாது: 2011 முதல் சுறாத் தாக்குதல்களில் பலர் இறந்ததால், 2013-ல் திட்டுக்கு வெளியே, காவல் இல்லாத இடங்களில் குளிக்கத் தடை வந்தது. எத்தாங் சலேயில் மணல் கறுப்பு. வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலில் நிற்க முடியாது. சேன் லேயுவில் கடலாமைக் காப்பகம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, அன்டார்க்டிகா பக்கமிருந்து குட்டி போட வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தீவே சட்டி பானையோடு வெளியே வந்துவிடும். மர நிழலில் விறகு மூட்டி, மஞ்சளும் பூண்டும் தாளித்துக் 'காரி' சமைத்து, சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, மிளகாய்த் துவையலோடு மூன்று தலைமுறையும் சேர்ந்து உண்ணும். அதனால் பயணத்திட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சும்மா விட்டுவைப்பது நல்லது. சைவர்களுக்கும் சிரமமில்லை: பருப்பு, அவரைக் குழம்பு, கீரை எல்லா ஊரிலும் கிடைக்கும், சாலையோரக் கடையில் சமோசாவும், மசால்வடையை நினைவூட்டும் மிளகாய் வடையும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரியில் கரான்ஸ் என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் புயல்கள் தாக்கின. தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையில் போக நினைப்பவர்களுக்கு மே மாதம் பொருந்தும். மழை குறைந்து, மலைப்பாதைகள் காயத் தொடங்கியிருக்கும். கார் வாடகைக்கு எடுக்காமல் தீவைப் பார்ப்பது கடினம், வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். பெரும்பாலான பொருள்கள் கப்பலில் வருவதால் விலைவாசி அதிகம். சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால் செலவு வெகுவாகக் குறையும். மொரீஷியஸிலிருந்து முக்கால் மணி நேர விமானம். ரியூனியன் ஷெங்கன் பகுதியில் சேராது. ஐரோப்பாவுக்கென்று எடுத்த ஷெங்கன் விசாவை மட்டும் நம்பி டிக்கெட் எடுக்காமல், ரியூனியனுக்கான விசா விதிகளைத் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.